பின்னால் விழுந்த சாவிக்கொத்து

சாவிக்கொத்தைக் கீழே போட்டது நான்தான். கை தவறி விழவில்லை. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வேண்டுமென்றே போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எங்காவது எனக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். நியாயம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி.

நான் வேலை பார்ப்பது பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவி மற்றும் சம வாய்ப்புப் பிரிவில். பெயர்தான் இவ்வளவு நீளம், இடம் இரண்டே அறை. எங்களுடையது பெரிய நகரத்துப் பல்கலைக்கழகம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தோட்ட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் இரண்டு மூன்று பஸ் மாறி வந்து படிக்கிற இடம். பாதிப் பேர் அவர்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கண் தெரியாத பிள்ளைக்குப் பரீட்சை எழுத ஆள் பிடித்துக் கொடுப்பது, கை நடுங்குகிறவனுக்கு அரை மணி நேரம் கூடுதலாக வாங்கிக் கொடுப்பது, கைக்குழந்தைக்காரிக்கு வகுப்பு நேரத்தை மாற்றிக் கொடுப்பது, இதெல்லாம் என் பொறுப்பு. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். நல்ல பேரும் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வந்தான். முதுகுத்தண்டில் கோளாறு, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது என்று சான்றிதழை நீட்டினான். பார்க்கவே பாவமாக இருந்தது. தனி அறை, நடுவில் படுத்துக்கொள்ள ஒரு பெஞ்சு, கூடுதல் நேரம் என்று ஓடியோடி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் பார்த்தால் கைப்பந்து அணியின் போட்டோவில் வலைக்கு மேலே எம்பிக்கொண்டு நிற்கிறான்! பதிவாளர் அந்தப் போட்டோவைக் கூட்டத்துக்கே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "என்ன மேடம், காதுல நல்லாத்தான் பூ சுத்திட்டுப் போயிருக்கான்" என்றார். இருபது பேர் சிரித்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கென்று சில சோதனைகளை வைத்துக்கொண்டேன், எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாதவை. கண் மங்கல் என்று யாராவது வந்தால் பேனாவை மேசை ஓரத்துக்கு உருட்டிவிடுவேன், பிடிக்கிறார்களா என்று. கால் வலி என்றால் அவர்கள் படியிறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வெட்கமாக இருக்கிறது இப்போது. அப்போது இல்லை. அப்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் அலுவலகம் பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. மரப்பலகைத் தரை, கீழே வெறும் கூடு. என் உதவியாளரைப் பூகம்பம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், ஆள் அவ்வளவு கனம். அவர் வாசல்படியில் கால் வைத்தாலே என் கோப்பையில் டீ தளும்பும். "பூகம்பம் வந்தாச்சு, டீயைப் பிடிச்சுக்குங்க" என்று தினமும் ஒரு தடவையாவது கிண்டல் நடக்கும். அவரும் கூடவே சிரிப்பார். இந்த ஒரு விஷயத்தை நான் மட்டும் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தப் பெண் மருத்துவ ஆய்வகப் படிப்பில் கடைசி வருஷம். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டதாம். பேச்சைக் கற்றுக்கொண்ட பிறகு போன காது, அதனால் பேச்சு சுத்தமாக இருந்தது. எதிரில் உட்கார்ந்து என் உதட்டைப் பார்த்தே டக் டக்கென்று பதில் சொன்னாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்விகள் உண்டு. ஆய்வகத்துக்குள் தேர்வாளர்கள் எல்லோரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள். உதடு தெரியாது. அதனால் கேள்வியைக் கேட்டுத் திரையில் தட்டச்சு செய்து காட்டுகிற ஒருவர் பக்கத்தில் வேண்டும். போன வருஷம் அது இல்லாமல்தான் தோற்றிருக்கிறாள். இரண்டாவது தடவையும் தோற்றால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், அதுதான் விதி.

"போன வருஷமே வந்து கேட்டிருக்கலாமேம்மா?"

"இப்படி ஒரு ஆபீஸ் இருக்குன்னே எனக்குத் தெரியாது மேடம். லைப்ரரி அக்காதான் இப்ப சொன்னாங்க."

எனக்குள் சந்தேகம் தலைதூக்கியது. காது கேட்காதவள் இவ்வளவு அழகாகப் பேசுவாளா? கேள்வி முடியுமுன் பதில் வருகிறதே? இன்னொரு கைப்பந்துக்காரனா? படிவத்தை அவளிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிவிட்டு, சான்றிதழை நகல் எடுக்கிற சாக்கில் எழுந்தேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் போய், பீரோ சாவி, ரெகார்டு ரூம் சாவி எல்லாம் கோத்த அந்தக் கொத்தை அப்படியே விட்டேன்.

அவள் சட்டென்று திரும்பினாள். எழுந்து குனிந்து, கொத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "மேடம், சாவி விழுந்துடுச்சு" என்று சிரித்தாள்.

"தேங்க்ஸ்மா" என்றேன். மனசுக்குள், மாட்டினியா மகளே என்று ஒரு துள்ளல். அந்தத் துள்ளலைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவள் போனதும் பூகம்பம் தன் மேசையிலிருந்து கேட்டார். "அக்கா, இது என்ன வெளையாட்டு?"

"வெளையாட்டா? அவளுக்குக் கேட்டுச்சா இல்லையா? நீங்களே பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றார், தலையைச் சொறிந்துகொண்டே. அதற்கு மேல் என்னிடம் வாயைக் கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. என் வாய் அப்படி.

மஞ்சள் சீட்டில் எழுதிக் கோப்புக்குள் ஒட்டினேன்: 'நேரில் சோதித்தேன். காது கேட்கிறது. உதவி தேவையில்லை.' கீழே என் சுருக்கொப்பம். அதைக் காரணமாகச் சொல்லிக் கடிதம் அனுப்ப முடியாது. தோண்டிப் பார்த்தேன். சான்றிதழ் வாங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருஷத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்களுக்கு நானே தகவல் அனுப்பி, "புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடு, அதுவரைக்கும் இது இருக்கட்டும்" என்பேன். போன காது ஒரு வருஷத்தில் முளைத்தா வரும் என்று விதி எழுதியவர்களை நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இவளுக்கு மட்டும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டேன். 'சான்றிதழ் காலாவதியானது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று இரண்டே வரி, அதுவும் தேர்வுக்கு மூன்று நாள் முன்னால்.

முடிவுப் பட்டியல் வந்தபோது அவள் எண்ணுக்கு நேரே 'தோல்வி' என்று இருந்தது. கவசம் போட்ட மூன்று பேருக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். எந்தக் கேள்வி யார் கேட்டது என்றே தெரியாமல், தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறாள். நான் பட்டியலை மடித்து வைத்துவிட்டு டீ குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைக் கரைத்துக்கொண்டவர். காதில் மாட்டுகிற மெஷின் இல்லாவிட்டால் இடி இடித்தாலும் தெரியாது. அன்றைக்கு இரண்டு மெஷினும் சார்ஜில் கிடந்தன. அவர் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ எரிச்சலில் குக்கரை மேசை மேல் நங்கென்று வைத்தேன். மனுஷன் துள்ளினார்.

"ஏம்மா, மேசையை உடைக்கப் போறியா?"

நான் அவர் முன்னால் போய் வாயை அகலமாகத் திறந்து கேட்டேன். "மெஷின் இல்லாமயே கேட்டுச்சா?"

"கேக்குறதாவது! முழங்கையைத் தூக்கிப் போட்டுச்சு. எஞ்சின்ல கோளாறுன்னாலே எனக்கு உள்ளங்கால்லதானே மொதல்ல தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பேப்பருக்குள் போய்விட்டார்.

நான் கரண்டியும் கையுமாக அங்கேயே நின்றேன். மரத்தரையில் விழுந்த சாவிக்கொத்து ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலையாக, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, அந்தப் பெண் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். பூகம்பத்தைப் பின்னால் நின்று சாவிக்கொத்தைப் போடச் சொல்லியிருந்தேன். அவர் போட்டார். சத்தம் எனக்கு வரவில்லை. ஆனால் பலகை குதித்தது. உள்ளங்காலில் ஏறி, நாற்காலிக் கால் வழியாக முதுகு வரைக்கும் வந்தது. செத்த பிணம்கூடத் திரும்பிப் பார்க்கும்.

பூகம்பம் முன்னால் வந்து நின்றார். கையை எடுத்தேன். "கேட்டுச்சாக்கா?"

"கேக்கலைங்க" என்றேன். அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சரி, தவறு தெரிந்துவிட்டது, உடனே ஓடிப்போய்ச் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அவள் மேல்முறையீடு செய்திருந்தாள், வியாழக்கிழமை விசாரணை. செவ்வாய்க்கிழமை அவளே என் அறைக்கு வந்தாள். பஸ் நெரிசலில் கசங்கிவிடாமல் ஒரு நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த புதுச் சான்றிதழ் கையில் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம். தேதியை நான் பாத்திருக்கணும். என்னால உங்களுக்கும் அலைச்சல்."

சான்றிதழை வாங்கித் தேதியைப் பார்த்தேன்.

"எங்க அக்கா நல்லா திட்டிட்டா. ஆபீஸ்ல சரியாத்தான் சொல்லியிருக்காங்க, நீதான் கவனமில்லாம இருந்துட்டேன்னு. அவ மில்லுல வேலை பாத்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறா." என் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "கமிட்டியில நான் என்ன மேடம் சொல்லட்டும்? நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே சொல்றேன்."

"உண்மையைச் சொல்லும்மா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அந்த வார்த்தை. அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நிம்மதியாகப் போனாள்.

அவள் படியிறங்கியதும் கோப்பைத் திறந்தேன். மஞ்சள் சீட்டைக் கிழித்தெடுத்து, நாலாக மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன். நிமிர்ந்தால் பூகம்பம் நின்றுகொண்டிருந்தார்.

"ஃபைல்ல மஞ்சளா ஒரு சீட்டு இருந்துச்சே அக்கா?"

"இருந்துச்சா?" என்றேன்.

அவர் பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து வெளியே போனார். அன்றைக்கு மட்டும் என் டீ தளும்பவில்லை.

புதன்கிழமை பதிவாளர் கூப்பிட்டார். "சான்றிதழ் காலாவதி, அவ்வளவுதானே? அப்ப தப்பு அந்தப் பொண்ணு மேல. நம்ம ஆபீஸ் பக்கம் தப்பு இருந்தாத்தான் ரிசல்ட்டை ரத்து பண்ண முடியும். அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்?"

"இல்ல சார்" என்றேன். கேள்வி காதில் விழுவதற்குள் பதில் வந்துவிட்டது. எனக்குத்தான் காது எவ்வளவு நன்றாகக் கேட்கிறது!

அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இருபது பேர் திரும்பவும் சிரிப்பார்களே என்று பயம். பதினெட்டு வருஷப் பேர் ஒரு நிமிஷத்தில் போய்விடுமே என்று பயம். அந்தப் பயத்தை ஒரு பெண்ணின் படிப்பு முழுசுக்கும் எதிரே தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் என் பக்கம் தாழ்கிறதா என்று. அப்படிப்பட்டவள் நான்.

விசாரணை புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பதிவாளரும் இரண்டு பேராசிரியர்களும். இந்தப் பக்கம் நான். தனியாக ஒரு நாற்காலியில் அந்தப் பெண். அவளுக்குப் பக்கத்தில் தட்டச்சுக்காரப் பெண்மணி. பேசுவதெல்லாம் சுவரில் பெரிய திரையில் வரிவரியாக ஓடியது. விசாரணைக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். தேர்வு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டியதும் இதே பெண்மணிதான். ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும்.

பதிவாளர் என் கடிதத்தை வாசித்தார். திரையைப் படித்து முடித்துவிட்டு அவள் எழுந்தாள். "என் தப்புதான் சார். தேதியைக் கவனிக்கல. இன்னொரு வாய்ப்பு மட்டும் குடுங்க." சொன்னபடியே உண்மையைச் சொன்னாள், பாவி மகள், தனக்குத் தெரிந்த உண்மையை.

"விதி இடம் குடுக்கலையேம்மா" என்றார் பதிவாளர். குரலில் வருத்தம்தான். மற்ற இருவரையும் பார்த்தார். "அப்ப முடிச்சுக்கலாமா?"

திரையில் அந்த வரி வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள், விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். அதுவும் திரையில் வந்தது.

எழுந்து நின்று மளமளவென்று கொட்டினேன். சோதனை, சாவி, மஞ்சள் சீட்டு, எல்லாம். தட்டச்சுக்காரப் பெண்மணி கையைத் தூக்கினாள். "மேடம், ரொம்ப வேகமாப் பேசிட்டீங்க. எனக்குப் பாதி விட்டுப்போச்சு. மறுபடி மொதல்ல இருந்து, மெதுவாச் சொல்லுங்க."

மறுபடி சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாக, அவள் அடித்து முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னேன். நான் இவள் சொன்னதை நம்பவில்லை. இவளுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைத் தரையில் போட்டேன். இவள் திரும்பினாள். காது கேட்கிறது என்று எழுதினேன். அது மரத்தரை, அதிர்ந்தது, அதனால் திரும்பினாள். சான்றிதழ் தேதி நான் தேடிப் பிடித்த சாக்கு. ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் சுவரில் ஏறியது. கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து மேசை மேல் வைத்தேன்.

பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை. "நேத்து கேட்டப்ப இல்லன்னு சொன்னீங்களே மேடம்?"

"பொய் சொன்னேன் சார்."

அதையும் தட்டச்சுக்காரப் பெண்மணி திரையில் அடித்தாள்.

எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் பேசினார்கள். முடிவு ரத்து, அடுத்த மாதம் மறுதேர்வு, தட்டச்சுக்காரரோடு. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அது முடியும்வரை அந்தப் பிரிவில் நான் உட்காரக் கூடாது. சாவிக்கொத்தைப் பூகம்பத்திடம் கொடுத்துவிட வேண்டும். சரி என்றேன். அது எனக்கு வலிக்கவில்லை.

வெளியே வராந்தாவில் அவள் முன்னால் போய் நின்றேன். உதடு தெரிகிற மாதிரி நின்று, "என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எதையோ யோசித்துச் சரிபார்க்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

"தெரியாம விழுந்துடுச்சுன்னு நெனச்சுத்தான் மேடம் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். "நீங்க தேங்க்ஸ் எல்லாம் சொன்னீங்களே."

அவள் கொஞ்ச நேரம் என் உதட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை என்று தெரிந்ததும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பத்தடி போன பிறகுதான் எனக்கு வார்த்தை வந்தது. "அம்மாடி, ஒரு நிமிஷம் நில்லு" என்று கூப்பிட்டேன். இன்னும் சத்தமாக, இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். வராந்தாவில் நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே தரை சிமெண்டு. அவளுக்குக் கேட்கவில்லை.